எழுதிவைத்தும் படிக்கவியலா ஏடுகள்



புதுவையில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1846இல் அது வெளிப்பட்டபோது அவர் மறைந்து 85 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் தமிழறிந்தார் அதனைப் படித்தனர், படியெடுத்தனர். கண்ணும் தமிழறிவும் அன்றி வேறு திறவுகோல் அதற்கு வேண்டப்படவில்லை. இன்றோ, இதே நகரில் இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் கணினியில் தட்டச்சிட்ட தமிழ்க் கட்டுரை படிப்பாரின்றிக் கிடத்தல் கூடும். கோப்பு இருக்கும், தமிழ் இராது! இந்நிலை எவ்வாறு நேர்ந்தது?

காரணம் இரண்டு. முதலாவது, குறிமுறைக் குழப்பம். ஒருங்குறி பரவுமுன், எழுத்துரு ஆக்கியோர் பலரும் தத்தம் விருப்பப்படி தமிழெழுத்துகளைப் பிற எழுத்துகளின் இடங்களில் குடியேற்றினர். பாமினி ஒரு வகை. வானவில் மற்றொரு வகை. திசுக்கி வேறொரு வகை. தமிழ்நாட்டரசு 1999இல் வகுத்த டாம், டாப் என்பன மேலும் இரண்டு. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நான்கு உரோம எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாய்த் தோன்றும். தமிழின் பெயரே தமிழாய் இல்லை! பிறர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்த எழுத்துக்கு வேறென்ன வாய்க்கும்?

இரண்டாவது, பதிப்புக் குழப்பம். மைக்குரோசாப்டு நிறுவனத்தின் வேர்டு மென்பொருள், 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் தன் கோப்பு வடிவையே மாற்றிக் கொண்டது. பழைய பதிப்பு வைத்திருந்தோர், துணை மென்பொருள் ஒன்றை நிறுவினாலன்றிப் புதிய கோப்பைத் திறக்க இயலாதாயிற்று.

இவ்விரு நோய்க்கும் மருந்து வேறு வேறு. பழைய வேர்டு கோப்பைப் புதிய வடிவில் சேமித்துவிட்டால் போதும் எனக் கருதுவோர் பலர். வடிவு மாறும், உள்ளிருக்கும் பாமினி பாமினியாகவே இருக்கும். ஆகவே செய்யத்தக்கன நான்கு.

ஒன்று: மூலக்கோப்பை அழித்தலாகாது. படியெடுத்து, அப்படியின் மீதே பணி செய்க.

இரண்டு: பழைய பதிப்பையும் அதற்குரிய எழுத்துருவையும் காத்து வைக்க. இலிபர் ஆபீசு போன்ற கட்டற்ற மென்பொருளில், ஒரே கணினியில் இரு பதிப்புகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் நிறுவலாம். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்து பார்த்த பின்னரே பிறர்க்கு அனுப்புக.

மூன்று: குறிமாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றி, வரிவரியாய் மெய்ப்புப் பார்க்க. ‘கெ’ என்பதில் பாமினி கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் வைக்கும். ஒருங்குறி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கும். மாற்றி இங்கே இடறின் சொல் சிதையும். ‘ஔ’ ஒரே எழுத்தாய் வந்ததா, ஒகரமும் ளகரமுமாய்ப் பிரிந்ததா என்பதையும் நோக்குக. கண்ணுக்கு ஒன்றே, கணினித் தேடலுக்கு வேறு.

நான்கு: திருத்திய கோப்பைத் திறந்த ஆவண வடிவில் சேமிக்க. 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் அது. ஒரு நிறுவனத்தின் தனியுடைமை அன்று.

ஒருங்குறியில் குறையே இல்லையா? உண்டு. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் அகரமேறியவை ஒழிந்த உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனியிடம் இல்லை; ககரத்தோடு குறி சேர்த்தே ‘கி’ பிறக்கிறது. அக்குறை நீக்க எழுந்ததே அனைத்தெழுத்துக் குறிமுறை. தமிழ்நாட்டரசு 2010இல் இரண்டையும் ஏற்றது. எனினும் இன்று உலகெங்கும் கணினிகள் பொதுவாய்ப் படிப்பது ஒருங்குறியையே. குறைக்காக வாதிடுவது ஒரு கடமை. அதுவரை ஏடுகளைச் செல்லரிக்க விடாமை மற்றொரு கடமை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திசுக்கியில் ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக் காத்தது. தன்னார்வலர் கூடியே அதனைச் செய்தனர். புதுவையின் தமிழ் மன்றங்களும் அச்சகங்களும் பள்ளிகளும் தத்தம் பழைய வட்டுகளை இத்திங்களே வெளியில் எடுக்கட்டும். வட்டு பழுதான பின் எம்மாற்றியும் உதவாது. தூய சொல்லைத் தேர்ந்தெழுதுவது பாதிப் பணியே. எழுதியது பேரனுக்குத் திறப்பதே மறுபாதி.

வாழ்க தமிழ்!