விண்மீன் காட்டிய துறைகள்



அமைதிப் பெருங்கடலின் தீவுகளில் வாழும் பொலினீசிய மக்கள் அங்கு வழியறிந்து சென்று குடியேறியவரல்லர். காற்றும் நீரோட்டமும் அலைக்கழிக்கத் தற்செயலாய் ஒதுங்கியவரே என்று 1956இல் ஆந்துரூ சார்ப்பு என்பார் நூலெழுதினார். ஓரினத்தின் அறிவைத் தற்செயல் என்று தள்ளிவிடும் கொள்கை ஆள்வோர்க்கு என்றும் இனிக்கும்!

அதற்கு மறுப்பு ஏட்டில் மட்டும் எழவில்லை, கடலில் எழுந்தது. அவாயித் தீவினர் 62 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்க்கலம் ஒன்றைக் கட்டி, 1975இல் நீரில் இறக்கினர். ஓக்குலேயா என்பது அதன் பெயர். ‘மகிழ்ச்சி விண்மீன்’ என்று பொருள். நம் நாண்மீன் வரிசையில் சோதி எனப்படுவது அதுவே. அம்மீன் தலைக்கு நேர் உச்சியில் கடக்குமாயின், அவாயியின் நேர்க்கோட்டை எய்தினோம் என்று மீகாமன் அறிவான்.

ஆனால் மீகாமன் எங்கே? அவாயியில் அக்கலை மறைந்தொழிந்திருந்தது. மைக்குரோனீசியாவின் சத்தவால் என்னுஞ் சிறு தீவினின்று மவு பியாயிலுகு என்பார் அழைக்கப்பெற்றார். 1976 மேத் திங்கள் முதல் நாள் கலம் புறப்பட்டது. திசைகாட்டி, கடற்படம், மணிப்பொறி எதுவுமில்லை. விண்மீன் எழும் விளிம்பும் வீழும் விளிம்பும் இரவில் வழி. முகில் மூடினால் அலையே வழி. கலத்தினடியில் வந்து முட்டும் நெடிய அலை எத்திசையினது என்பதை உடலால் உணர்ந்து அவர் திசை கூறினார். கடற்பறவைகள் நிலத்தின் அண்மை காட்டின. மத்தாயிவா என்னும் பவழத் தீவு முதலில் தோன்றியது. சூன் 4ஆம் நாள் தாகித்தியின் பப்பீத்தேத் துறையுள் கலம் புகுந்தபோது 17,000 பேர்க்கு மேல் கரையில் திரண்டிருந்தனர். தம் முன்னோர் வந்த வழியைக் கண்ணாற் கண்ட மக்கள்!

1978இல் கலம் கவிழ்ந்தது. உதவி தேடி அலைப்பலகையில் சென்ற எடி ஐக்காவு மீளவில்லை. ஆயினும் முயற்சி ஓயவில்லை. மவுவிடங் கற்ற நைனோவா தாம்சன் 1980இல் தாகித்தி சென்று மீண்டார். அவர் அவாயி மண்ணின் மகன்.

1985 முதல் 1987 வரை தாகித்தி, இரரோத்தோங்கா, நியூசிலாந்து, தொங்கா, சமோவா என அக்கலம் தீவுதோறும் துறைபுகுந்தது. துறைதோறும் ஒரு சொல் அதை வரவேற்றது. கலத்திற்கு இரரோத்தோங்காவிலும் மாவோரியிலும் ‘வக்கா’ என்று பெயர். தாகித்தியிலும் அவாயியிலும் நடுமெய் தேய்ந்து ‘வஅ’. ஆயிரங் கல் கடல் பிரித்தும் சொல் பிரியவில்லை. வைத்தாங்கித் துறையில் மாவோரித் தலைவர் சேம்சு எனாரே, வடபுலத்து ஐந்து குடிகளோடு இக்கலத்தாரை ஆறாங் குடியாக அறிவித்தார். (அவ் வடபுலத்தில்தான், மாவோரிப் பெண்டிர் கிழங்கு அவிக்கும் கலமாக ஆண்டுவந்த தமிழெழுத்துக் கப்பல்மணி 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தது, இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.)

கலம் ஓடிய காலத்திலேயே மொழியும் எழுந்தது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கி, அவாயி மொழியைப் பள்ளியினின்று வெளியேற்றியிருந்தது. 1978இல் அது ஆட்சிமொழியாயிற்று. 1984இல் மழலையர் பள்ளியிலும், 1987இல் அரசுப் பள்ளியிலும் பயிற்றுமொழியாய் மீண்டும் நுழைந்தது. அதே கலம் பின்னர் உலகையே சுற்றி, 2017இல் ஓனலூலுத் துறைக்கு மீண்டது.