பவளப் பாறையைக் காணப் புறப்படுமுன்



நாகூர்க் கடற்கரையில் நின்று நோக்குவோர் தெளிந்த நீலக் கடலைக் காண்பது அரிது. வெட்டாறும் பிற கிளையாறுகளும் தஞ்சைத் தரணியின் வண்டலைக் கடலில் சேர்ப்பதால், கரையோர நீர் பெரும்பாலும் கலங்கியே இருக்கும். நம் வயல்களுக்கு வளம் தருவது அந்த வண்டலே. ஆனால் வண்டல் கலங்கிய நீரில் பவளப் பாறை வளராது. அதற்குத் தெளிந்த, வெதுவெதுப்பான, ஒளி புகும் உவர்நீர் வேண்டும். ஆதலால், பவளப் பாறையை நேரில் காண விரும்பும் நாகூர் மாணவன் தெற்கே மண்டபம் வரை செல்ல வேண்டியவனாகிறான்.

என்னிடம் பயிலும் மேல்வகுப்பு மாணவர் எண்மர், கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீரில் மிதந்தபடி பவளத்தைக் காண வேண்டும் என்று விரும்பினர். பெற்றோரின் இசைவுக் கடிதம் கேட்டேன். ஏழு கடிதங்கள் வந்தன, எட்டாவது வரவில்லை. அந்த மாணவனை வளர்ப்பவர் அவனுடைய பாட்டியார். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் தம் மூத்த மகனை இழந்தவர். அன்று நாகை மாவட்டம் மட்டுமே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது.

நான் அவர் இல்லம் சென்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மூன்று வினாக்களைக் கேட்டார். “எந்த மாதம் போகிறீர்கள், ஐயா? யாருடைய படகு? தலையைக் கவிழ்த்துக் கிடப்பவனுக்கு மூச்சு எப்படி?” ஒன்றுக்கேனும் எனக்குத் தெளிவான விடை தெரியவில்லை. பேருந்துக் கட்டணத்தையும் உணவுச் செலவையும் மட்டுமே கணக்கிட்டு வைத்திருந்தேன்! விடைகளை அறிந்துவருவதாகச் சொல்லித் திரும்பினேன்.

முதலில் மாதம். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவக் காற்று வடபுறத்தையும், தென்மேற்குப் பருவக் காற்று தென்புறத்தையும் கலக்கும். மழைக்காலம் ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்னுள்ள இடைக்காலமே தெளிந்த நீருக்கு ஏற்றது. எனவே மாசியைத் தேர்ந்தோம்.

அடுத்தது படகு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கு எவரும் தம் விருப்பம்போல் படகு பிடித்து இறங்கிவிட இயலாது. ஆகவே வனத்துறைக்கு எழுதி, இசைவு பெற்று, அவர்கள் காட்டும் இடத்தில், வழிகாட்டியின் துணையோடு மட்டுமே நீரில் இறங்குவது என முடிவு செய்தோம். உயிர்காப்புச் சட்டை அணியாதவன் படகில் ஏறலாகாது என்றும் விதித்துக்கொண்டோம்.

மூன்றாவது மூச்சு. குழல் நீளமாக இருந்தால் ஆழத்தில் கிடந்தே மூச்சுவிடலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை நெருக்கும். விட்ட மூச்சே நீண்ட குழலில் தங்கி மீண்டும் உள்ளே வரும். அதனால்தான் அக்குழலை ஏறத்தாழ ஒரு முழத்துக்குள் அமைக்கின்றனர். கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் அண்மையிலும் பெரிதாகவும் தோன்றும். தொலைவை மதிப்பிடுவதில் ஏமாந்துபோகலாம். ஆகவே இடுப்பளவு நீருள்ள குளத்தில், நன்கு நீந்தத் தெரிந்தவர் உடனிருக்க, ஒரு மாதம் பயிற்சி செய்தோம். குழலில் புகுந்த நீரைப் பதற்றமின்றி ஊதி வெளியேற்றப் பழகிய பின்னரே ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலில் எழுதினேன்.

விடைகளோடு மீண்டும் சென்றேன். பொறுமையாகக் கேட்ட அவ்வம்மையார், “நீங்கள் பத்துப் பேரும் பாரின்மேல் ஏறி மிதித்தால், அங்கே அண்டியிருக்கும் மீன் என்ன ஆகும்?” என்றார். எங்கள் திட்டத்தில் பையன்களின் பாதுகாப்பு இருந்தது; பவளத்தின் பாதுகாப்பு இல்லை!

நண்பர்களே, ‘பாறை’ என்று சொல்கிறோமே, அதன் மேற்புறம் முழுவதும் உயிர். நுண்ணிய பவள உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவாக்கி ஊட்டுகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அப்பாசிகள் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்பெரும் வெளுப்பு நேர்ந்தது. மூளைபோல் திரண்ட பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. ஒரு மாணவன் கால் ஊன்றி முறிக்கும் கைப்பிடியளவு பவளம் பல ஆண்டுகள் வளர்ந்ததாக இருக்கலாம்.

வெப்பம் மட்டுமா கேடு செய்தது? சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் மனிதர் நெடுங்காலம் இப்பாறைகளை வெட்டினர். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கியதற்கு அதுவே முக்கியக் காரணம் எனச் சொல்லப்படுகிறது. 2001ஆம் ஆண்டில் பவளப் பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றமே.

ஆகவே எங்கள் திட்டத்தில் புதிய விதிகள் சேர்ந்தன. பவளத்தின்மேல் நிற்கலாகாது, தொடலாகாது, எதையும் எடுக்கலாகாது. வெயிலுக்கு உடலில் களிம்பு பூசாமல் முழுக்கைச் சட்டை அணிய வேண்டும். களிம்புகள் சிலவற்றிலுள்ள பொருள் பவளத்துக்குத் தீங்கு செய்யும். நீரின்மேல் அசையாமல் மிதக்கத் தெரியாதவன் கண்ணாடி அடித்தளப் படகிலிருந்தே காண வேண்டும். அவ்விதிகளைக் கேட்ட பின்னரே எட்டாவது கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

மாசியில் சென்றோம். வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, தொண்டி வழியே கடற்கரைச் சாலையில் மண்டபம் அடைந்தோம். உயிருள்ள பவளத்தையும் கண்டோம். பாசி படர்ந்து மடிந்து கிடந்த பவளத்தையும் கண்டோம். நீரிலிருந்து தலையை உயர்த்திய அந்தப் பேரன், “ஐயா, பாதி செத்துக் கிடக்கிறதே!” என்றான். பிறகு மீண்டும் முகத்தைக் கவிழ்த்து, வழிகாட்டி அழைக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீடு திரும்பியவன் பாட்டிக்கென ஒரு சிப்பிகூடக் கொண்டுவரவில்லை. கண்டதையெல்லாம் இரவு நெடுநேரம் சொன்னானாம். இருபது ஆண்டுகளாகக் கடலைப் பற்றிப் பேச விரும்பாத அவ்வம்மையார், இடையிடையே வினா எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நீங்களும் செல்லுங்கள். செல்லுமுன் கடலறிந்த ஒருவரிடம் உங்கள் திட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் வினாக்களுக்கு விடை கண்டபின் புறப்படுங்கள்.