நீரால் ஆகிய நாடு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

  

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் இராமநாதபுரம் ஜில்லா ஆகும். ஒரு ஜில்லாவின் எல்லை யாது என வினவினால், பள்ளிப் பிள்ளைகள் படத்தைக் காட்டுவர். படத்திலுள்ள கோடுகளோ அரசினர் மாற்றுந்தோறும் மாறுவன. சேதுபதி மன்னரின் சீமையாக விளங்கிய இந்நிலத்தை, 1910-ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளோடு சேர்த்து, ஆங்கில அரசினர் தனி ஜில்லாவாக வகுத்தனர். 1985-இல் அது மூன்றாயிற்று. சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்துபோக, கடலை அடுத்த கிழக்குப் பகுதியே பழம்பெயரைத் தாங்கி நின்றது. ஆதலின் நம் நாட்டைக் கோட்டால் அறிதல் அரிது. நீரால் அறிதலே முறை என்பது எம் கருத்து.

இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையே நமக்கு முதல். ஐப்பசி, கார்த்திகையில் அது பொய்ப்பின் ஆண்டு முழுதும் வறட்சியே. வருஷநாட்டு மலையிற் பிறக்கும் வையை, வழியிலுள்ளார்க்கெல்லாம் ஊட்டி எஞ்சிய நீரையே நம் பெரிய கண்மாய்க்குக் கொணர்கின்றது. ஆயினும் இது வறுமையே கண்ட நிலமன்று. அவ்வாற்றின் கழிமுகத்தை அடுத்த அழகன்குளத்தில் உரோமானிய மட்கலத் துண்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமை நம் பண்டை வாணிகத்திற்குச் சான்றாகும்.

வானம் பார்த்த இம்மண்ணில் நம் முன்னோர் செய்த அருஞ்செயல் யாதெனின், கண்மாய் வெட்டியதேயாம். ஒரு கண்மாய் நிறைந்தால் மிகுநீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்த கண்மாய்க்கு. இராஜசிங்கமங்கலத்துக் கண்மாயோ 48 மடை உடையது எனப் பெயர் பெற்றது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள், பறவைகள் தங்கும் சிறப்பால் 2022-இல் உலகறிந்த ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வெட்டுவித்தவர் மன்னர், ஆண்டுதோறும் வண்டல் அள்ளிக் காத்தவர் குடிகள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. குடிகளின் சுமை நீங்கியது நன்றே. ஆனால் கண்மாய் சர்க்காருடையது என்ற எண்ணம் வேரூன்ற, மண்வெட்டி எடுக்கும் வழக்கம் குன்றியது. கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டியது. கரிமூட்டம் போட்டு ஏழைகள் பிழைக்க அம்மரம் உதவிற்று என்பதை மறுக்கோம். எனினும் நீர் நிற்கும் இடத்தை அது கவர்ந்துகொண்டது. 2017-இல் அரசினர் குடிமராமத்தை மீண்டும் தொடங்கினர். குடிகள் சேராமல் அது எங்ஙனம் நிலைபெறும்?

இனி யாம் கூறுவது சிலர்க்குக் கசக்கலாம். வரத்துக்காலை உழுது தம் வயலோடு சேர்த்துக்கொண்டவருள் நம்மவரும் உளர். ஊருணிக் கரையில் பிற வகுப்பாரை நீர் முகக்க விடாது தடுத்தவருள்ளும் நம்மவர் இருந்தனர். சங்க மேடையில் நம் பெருமையை மட்டும் பேசி இவற்றை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்குத் தகாது. மேலூரார் கால்வாயை அடைத்தால் கீழூர்க் கண்மாய் வறளும். அங்கே நம் உறவினரே வாழ்கின்றனர் என்பதையேனும் எண்ண வேண்டாவா?

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். வரத்துக்கால் நிலத்தைச் சேர்த்துக்கொண்டோர், எவரும் கேட்குமுன் தாமே விட்டுவிடுக. மதுரையிலும் சென்னையிலும் கடல் கடந்தும் வாழும் நம் உறுப்பினர், திருவிழாவிற்கு வரும்போது ஊருணி தூர்வாரும் பணிக்கும் ஒருநாள் தருக. அந்நாளில் ஊரிலுள்ள எல்லா வகுப்பாரையும் உடன் அழைத்துக்கொள்க. முதியோர் அறிந்த மடை, கலுங்கு, கால்வாய்ப் பெயர்களைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. அப்பெயர்கள் மறையின், கால்வாய் ஓடிய இடத்தைக் காட்டுவார் இரார்.

ஐப்பசி மழைக்கு முன்னரே இவற்றைத் தொடங்குமாறு வேண்டுகின்றோம்.