மாறாப் பசுமையும் மஞ்சள் இலையும்

மா, பலா, எலுமிச்சை போன்றவற்றைப் பசுமை மாறா மரங்கள் என்கிறோம். அவற்றின் இலைகள் உதிர்வதே இல்லை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பசுமை மாறாதது மரமேயன்றி இலையன்று. எலுமிச்சை இலை ஓரிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து விழுகிறது. எல்லா இலைகளும் ஒருசேர உதிராமையால், மரம் வெறுமையாய்த் தோன்றுவதில்லை.

ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்பது வேம்பு. புது தில்லியின் சாலைகளில் மாசி, பங்குனி மாதங்களில் அதன் பழுத்த இலைகள் சொரிகின்றன. உடனே செந்தளிர்களும் தோன்றுகின்றன. குளிர்நாடுகளில் குளிருக்கு முன் நிகழும் இலையுதிர்வு, நம் நாட்டிற் பெரும்பாலும் கோடையின் வாயிலில் நிகழ்கிறது.

இலை மஞ்சளாவது ஏன்? மரம் சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றது. இலையை விடுக்கும் முன்னரே அதன் பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பெருமளவு மீட்டுக்கொள்கிறது. பச்சை மறையவே, இலையில் முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. பின்னர்க் காம்பின் அடியில் ஒரு பிரிவுப் படலம் உண்டாகி, இலை கழன்று வீழ்கிறது.

எனினும், எல்லா மஞ்சளும் முதுமையின் அடையாளம் அல்ல. எந்த இலை மஞ்சளாகிறது என்பதையே நாம் முதலில் நோக்க வேண்டும். கிளையின் உட்புறத்து முதிய இலைகள் சில பழுத்து, நுனியில் தளிர் செழித்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. முதிய இலைகள் பெருவாரியாக வெளிறி, புதிய இலைகளும் சிறுத்திருந்தால் தழைச்சத்துக் குறைவு இருக்கலாம். நரம்புகள் பச்சையாயிருக்க, இளந்தளிர் வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது பெரிதும் காணப்படும்.

வேரடியில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். வேருக்குக் காற்று கிடையாமையே காரணம். இதையறியாமல் மேலும் நீர் ஊற்றுவது, மூச்சுத் திணறுபவனின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். அடிமரம் வரை சிமிட்டி பூசுவதும் அத்தகைய தீங்கே. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

உதிர்ந்த சருகைக் கொளுத்துவதும் நன்றன்று. புகை நமக்கும் கேடு, மண்ணுக்கும் இழப்பு. அதை மரத்தடியிலேயே, அடிமரத்தை ஒட்டாமல், பரப்பிவிடுவோம். மட்கிய சருகு அடுத்த தளிருக்கு உணவாகும். மஞ்சள் இலையைக் கண்டதும் உரமூட்டையையோ கோடரியையோ நாடாமல், சில வாரங்கள் பொறுத்துக் கிளையின் நுனியைப் பார்ப்போமாக. மரத்தின் நலத்தை அங்குள்ள தளிரே நமக்குக் கூறும்.