பத்து மைக்ரான் காற்று
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க துறையைப் பற்றிப் பேசுங்க சார்" என்றார்கள். திடப்பொருள்களின் மின்காப்பு மாறிலியை அளக்கும் கருவிகளை வடிவமைப்பது என் வேலை. மதியம் பாயசம் வேறு போட்டுவிட்டார்கள், தூக்கம்தான் வரும். ஆகவே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

1983. எம்.எஸ்ஸி. புராஜெக்ட். பேரியம் டைட்டனேட் பெல்லட்டை அளக்க வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பொருளை வைத்தால் மின்தேக்குத்திறன் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதுதான் மாறிலி. லேத்தில் பித்தளைத் தகடுகள் கடைந்து, ஸ்பிரிங் வைத்து அழுத்தி ஒரு 'செல்' செய்தேன். என் கவலையெல்லாம் கேபிள் மேலேதான். 12 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் தகடுகளுக்கு வெறும் 1 பிகோஃபாரட். ஒரு மீட்டர் கேபிளுக்கோ சுமார் 100! அதைக் கவனமாகக் கழித்தேன். டெஃப்லானை அளந்தேன், 2.1-க்குப் பக்கத்தில் வந்தது. செல் சரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெல்லட்டை வைத்தால் 90, 95. புத்தகத்தில் ஆயிரத்துக்கு மேல். பெல்லட் செய்து கொடுத்த வேதியியல் துறை நண்பனிடம், "மச்சான், நீ சுட்டது சரியில்லடா" என்றேன். பாவம், பஸ் ஏறி வெளியூர் உலைக்குப் போய் மறுபடி சுட்டு வந்தான். மூன்று தடவை! அவன் புராஜெக்ட் அப்படியே கிடந்தது. மூன்றாம் தடவையும் நான் அதையே சொல்ல, எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

பிறகு ஒருநாள் செல்லை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். தகட்டுக்கும் பெல்லட்டுக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம். கணக்குப் போட்டேன். 1 மில்லிமீட்டர் தடிமன், மாறிலி 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மைக்ரான் காற்று புகுந்தால் அது தொடரிணைப்பில் இன்னொரு மின்தேக்கியாக உட்கார்ந்துகொள்கிறது. 1500 போய் 94 ஆகிவிடும்! அதே காற்று டெஃப்லானில் நூற்றுக்கு இரண்டுதான் பிசகச் செய்யும். அதனால்தான் அங்கே மாட்டவில்லை.

பெல்லட்டின் இரண்டு முகத்திலும் வெள்ளிப் பெயின்ட் பூசிக் காயவைத்து அளந்தேன். அவன் கொடுத்த முதல் பெல்லட்டிலேயே 1300-க்கு மேல் வந்தது.

பிற்காலத்தில் ஓரத்தில் வளையும் புலத்துக்குக் கெல்வின் முறைப்படி காப்பு வளையம், 1936-இல் ஹார்ட்ஷார்ன், வார்டு இருவரும் வெளியிட்ட மைக்ரோமீட்டர் செல் எல்லாம் செய்து பழகினேன். மென்மையான பொருளுக்கு ஒன்று, பெயின்ட் பட்டால் கெட்டுப்போகும் பொருளுக்கு வேறொன்று. அது நீண்ட கதை.

வைவாவில் வெள்ளிப் பெயின்ட் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். நண்பனிடம் போய்ச் சொல்லவில்லை. வெட்கம். இன்று அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். மச்சான், பெல்லட் நல்லாத்தான்டா இருந்துச்சு. மூணுமே.

அந்தச் செல் இன்னும் ஆய்வக அலமாரியில் கிடப்பதைக் காலையில் பார்த்தேன். மாணவர்கள் யாராவது எடுத்தால் தகடுகளை முதலில் கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும்.