அப்பமும் தண்ணீரும்

வானொலி மறையுரை – பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு



ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டது. ஜனவரி முதல் நாள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது நாம் எடுத்த முடிவுகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? இந்த ஆண்டு விவிலியத்தை முழுவதும் படித்துவிடுவோம் என்று தொடங்கினோம். தொடக்கநூல் கதைபோல ஓடியது. விடுதலைப் பயணமும் பாதிவரை ஓடியது. பிறகு லேவியர் நூல் வந்தது. நாம் அடையாளமாக வைத்த திருப்படம் இன்னும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. சர்க்கரை கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் காலை நடைக்காக வாங்கிய காலணி, வாசலில் தூசி படிந்து கிடக்கிறது. அஞ்சல் வழிப் படிப்புக்குப் பணம் கட்டினோம். வந்த புத்தகக் கட்டைப் பிரித்தோமா? குடியை விடுகிறேன் என்று மனைவி பிள்ளைகளிடம் சொன்ன ஒருவர், மூன்று மாதம் தாக்குப்பிடித்து, நாலாவது மாதம் தடுமாறியிருக்கலாம். அவர் வீட்டில் எல்லாருக்கும் அது வெறும் புத்தாண்டு வாக்கு அல்ல, வாழ்வா சாவா என்ற கேள்வி.

தொடங்குவது நமக்கு எளிது. தொடங்கும் நாளில் ஆர்வம் நம்மைத் தூக்கிச் செல்கிறது. அந்த ஆர்வம் போன பிறகு எது நம்மை நடத்தும்? இன்றைய வாசகங்கள் இதற்கு ஒரு விடை தருகின்றன. அதை நாம் அதிகம் எதிர்பார்த்திருக்க மாட்டோம்.

முதல் வாசகத்தில் எலியாவைச் சூரைச்செடியின் அடியில் பார்க்கிறோம். அவர் சாதாரண மனிதர் அல்லர். சிறிது காலத்துக்கு முன்புதான் கர்மேல் மலைமீது பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நின்று வென்றவர். அந்த வெற்றிக்குப் பின் அரசி ஈசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வந்தது. எலியா ஓடினார். யூதாவின் பெயேர்செபாவரை வந்து, தம்முடன் இருந்த ஒரே பணியாளரையும் அங்கேயே விட்டுவிட்டு, தன்னந்தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் பயணம் போனார். போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

இங்கே கடவுள் என்ன செய்கிறார் என்பதைக் கவனிப்போம். கர்மேலை நினைவுபடுத்தி எலியாவுக்கு வீரம் ஊட்டவில்லை. இப்படிச் சோர்ந்துவிட்டாயே என்று கடிந்துகொள்ளவும் இல்லை. வானதூதர் வந்து தட்டி எழுப்புகிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம் ஒன்றும், குவளையில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிடச் சொல்கிறார், அவ்வளவுதான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! வானதூதர் சலித்துக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் வருகிறார், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்கிறார். பயணம் நீண்டது, உன்னால் தாங்க முடியாது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறார். அந்த உணவின் வலிமையில் எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைகிறார்.

நாற்பது நாள் பயணத்துக்குக் கடவுள் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். இந்த இரண்டு சொற்களையும் நாம் மனதில் வைத்துக்கொள்வோம். ஏனெனில், கடந்த ஜூலை 31 அன்று நாம் விழா கொண்டாடிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்விலும் இதே இரண்டும் வருகின்றன.

இஞ்ஞாசியாரை நாம் பெரும்பாலும் 1521ஆம் ஆண்டோடு நினைவில் வைத்திருக்கிறோம். பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது, படுக்கையில் படித்த நூல்கள் அவர் மனதை மாற்றின. இது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் பிறகு வந்த நீண்ட ஆண்டுகளை நாம் அதிகம் பேசுவதில்லை. அவருடைய ஒரே கனவு எருசலேமில் தங்கி ஆன்மாக்களுக்குப் பணியாற்றுவது. 1523இல் அங்கே போயும் சேர்ந்தார். ஆனால் அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ்கன் துறவிகள், தங்க அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்கு உதவ வேண்டுமானால் படித்தாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அந்தக் காலத்தில் படிப்பு என்றால் முதலில் இலத்தீன். ஆகவே 1524இல், முப்பது வயதைத் தாண்டிய அந்த முன்னாள் படைவீரர், பார்சலோனாவில் சிறுவர்களோடு சேர்ந்து இலத்தீன் இலக்கணம் மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.

அங்கே ஒரு விசித்திரமான தடை வந்தது. வினைச்சொல் வாய்பாட்டை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், அவர் உள்ளத்தில் இறையன்பு பொங்கியது. ஆன்மிகக் காரியங்களில் புதிய ஒளியும் புதிய சுவையும் கிடைத்தன. பாடம் மட்டும் ஏறவில்லை. நாமாக இருந்தால், ஆகா, இது கடவுளின் அருள், இலக்கணம் கிடக்கட்டும் என்று புத்தகத்தை மூடியிருப்போம். இஞ்ஞாசியார் யோசித்துப் பார்த்தார். செபிக்கும்போதும் திருப்பலியிலும் வராத அளவுக்கு, படிக்கும் நேரத்தில் மட்டும் இந்த ஆறுதல்கள் ஏன் வருகின்றன? இது சோதனை என்று கண்டுகொண்டார்.

பிறகு அவர் செய்தது மிக எளியது. தம் ஆசிரியரைக் கடல் அன்னை மரியா ஆலயத்துக்கு வரும்படி கேட்டுக்கொண்டார். அங்கே அவரிடம் தம் உள்ளத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஒரு வாக்குறுதி கொடுத்தார்: இந்த இரண்டு ஆண்டுகளும், பார்சலோனாவில் தமக்கு அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை, ஒரு நாளும் பாடத்துக்கு வராமல் இருக்கமாட்டேன் என்று. அதன் பிறகு அந்தத் தொந்தரவு அவரை விட்டு நீங்கியது என்று, தம் வாழ்வைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தபோது அவரே கூறியிருக்கிறார்.

அன்பர்களே, இந்த நிகழ்ச்சி நமக்கு ஏன் முக்கியம்? நீண்ட காலக் குறிக்கோளைக் கெடுப்பது சோம்பல் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். சில நேரம் ஒரு புதிய ஆர்வமே பழைய முடிவைக் கெடுக்கிறது. தையல் கற்கத் தொடங்கியவர், பாதியில் அழகுக்கலை நல்லது என்று அங்கே போகிறார். அதுவும் பாதியில் நிற்கிறது. ஒரு நவநாள் செபத்தைத் தொடங்கியவர், ஐந்தாம் நாளில் வேறொரு புனிதரின் நவநாள் இன்னும் வல்லது என்று கேள்விப்பட்டு மாறிவிடுகிறார். ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால், இன்றைய பாடத்தை விட்டு நம்மை எழுப்பிக்கொண்டு போகும் நல்லதையும் நாம் சந்தேகித்துப் பார்க்க வேண்டும். இஞ்ஞாசியார் தம் ஆர்வத்தை நம்பவில்லை. வேறொரு மனிதருக்குக் கொடுத்த வாக்கை நம்பினார்.

ஒரு கிராமத்துப் பங்கில் நாம் சந்தித்த ஒரு தாயின் நினைவு வருகிறது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவர். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, தாமும் தனித்தேர்வராகத் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்தார். பகலில் கூலி வேலை, மாலையில் சமையல். தேர்வறையில் எல்லாரும் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் முறை மற்றப் பாடங்களில் தேறிவிட்டார், கணக்கில் தேறவில்லை. இரண்டாம் முறையும் கணக்கு போய்விட்டது. போதும் என்று புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார். சில நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கும் ஆசிரியையிடம் தாமே போய், “டீச்சர், நான் ராத்திரி எட்டு மணிக்கு வரலைன்னா நீங்க வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடணும்” என்று கேட்டுக்கொண்டார். மூன்றாம் முறை தேறினார். எப்படி அம்மா விடாமல் படித்தீர்கள் என்று கேட்டோம். “மனசு வந்தப்ப படிச்சிருந்தா நான் பாஸே பண்ணியிருக்க மாட்டேன் சாமி. அஞ்சு கணக்கு போடாம படுக்கறதில்லைன்னு வச்சிருந்தேன்” என்றார். அவர் இஞ்ஞாசியாரின் வரலாற்றைப் படித்தவர் அல்லர். ஆனாலும் அதே பாதையில் நடந்திருக்கிறார்.

ஐந்து கணக்கு என்பது பார்ப்பதற்குப் பெரிதாக இல்லை. நற்செய்தியில் யூதர்கள் முணுமுணுப்பதும் இப்படிப்பட்ட ஒரு காரணத்துக்காகத்தான். விண்ணிலிருந்து வந்த உணவு நானே என்று இயேசு சொல்லும்போது, இவர் யோசேப்பின் மகன் அல்லவா, இவருடைய தாய் தந்தையை நமக்குத் தெரியுமே என்கிறார்கள். இவ்வளவு சாதாரணமாக இருப்பது விண்ணிலிருந்து வந்திருக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். நம் எண்ணமும் அதுதான். இன்று ஒரு பக்கம் படிப்பதால், இன்று அரை மணி நேரம் நடப்பதால், இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று முணுமுணுக்கிறோம். ஆனால் பாலைநிலத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது. ஆண்டவர் கற்றுத்தந்த செபத்திலும் நாம் இன்றைய உணவைத்தான் கேட்கிறோம்.

சரி, சோர்வு வந்தே தீரும். அப்போது என்ன செய்வது? இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு விதி தருகிறார். உள்ளம் வறண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது அது. இரவு பதினொரு மணிக்கு, களைத்துப்போய், யாரோ சொன்ன சொல் மனதைக் குத்திக்கொண்டிருக்கும்போது, இதெல்லாம் எனக்குச் சரிப்படாது என்று நாம் முடிவு கட்டுகிறோம். அந்த நேரத்து முடிவை நம்பக்கூடாது. சாப்பிட்டுத் தூங்கலாம். எலியா அதைத்தான் செய்தார்.

அப்படியானால் குறிக்கோளை மாற்றவே கூடாதா? மாற்றலாம். ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு. இஞ்ஞாசியார் பாரிஸ் நகருக்கு 1528இல் போனார். அவசரமாகப் படித்ததால் அடித்தளம் போதவில்லை என்று, அங்கேயும் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீனை மறுபடியும் படித்தார். பிச்சை எடுக்கவே நாள் போகிறது, படிக்க நேரம் இல்லை என்று கண்டதும், ஆண்டுக்கு ஒரு முறை பிளாண்டர்ஸ் பகுதிக்குப் போய் அங்கிருந்த ஸ்பானிய வணிகர்களிடம் ஓர் ஆண்டுக்கான உதவியைப் பெற்றுவந்தார். 1535இல் முதுகலைப் பட்டத்துடன் படிப்பை முடித்தார். பார்சலோனாவில் தொடங்கியதிலிருந்து பதினோர் ஆண்டுகள்! அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர்கள் பீட்டர் பேபரும் பிரான்சிஸ் சவேரியாரும். பேபர் அவருக்குப் பாடத்தில் உதவினார், அவர் பேபருக்கு ஆன்மிகத்தில் உதவினார். 1534 ஆகஸ்டு 15 அன்று மொந்த்மார்த் குன்றில் ஏழு நண்பர்கள் வாக்குக் கொடுத்தார்கள்: எருசலேம் போவோம், ஓர் ஆண்டு காத்திருந்தும் முடியாவிட்டால், திருத்தந்தை எங்கே அனுப்புகிறாரோ அங்கே போவோம்.

1537இல் வெனிஸ் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். துருக்கியரோடு போர் மூண்டதால் திருப்பயணிகளின் கப்பல் புறப்படவில்லை. எருசலேம் கனவு அங்கேயே நின்றது. அவர்கள் உரோமைக்குத் திரும்பி, தங்களைத் திருத்தந்தையின் கையில் ஒப்படைத்தார்கள். 1540இல் இயேசு சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்த அறைத் தோழர் சவேரியார் 1542இல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். எருசலேமுக்குக் கப்பல் கிடைத்திருந்தால் அவர் நம் கரைக்கு வந்திருப்பாரா?

குறிக்கோள் மாறியது உண்மை. ஆனால் சோர்ந்த இரவில் தனியாக இருந்து மாற்றவில்லை. நண்பர்களோடு கூடி, செபித்து, காலக்கெடு வைத்துக் காத்திருந்து மாற்றினார்கள். எலியாவையும் நினைத்துப் பாருங்கள். பணியாளரை விட்டுவிட்டுத் தனியே போனபோதுதான் அவர் சாவைக் கேட்டார். ஓரேபில் கடவுள் அவருக்கு எலிசா என்ற துணையைக் காட்டினார். பாகாலுக்கு முழந்தாளிடாதவர்கள் இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நேயர்களே, இந்த வாரம் நாம் மூன்று காரியங்கள் செய்வோம். பாதியில் விட்ட ஒன்றை எடுத்து, காய்ச்சல் நாளிலும் செய்யக்கூடிய அளவுக்கு அதைச் சிறிதாக்குவோம். நம்மைத் தேடி வந்து கேட்கக்கூடிய ஒருவரிடம் வாக்குக் கொடுப்போம். சோர்ந்த நேரத்தில் எந்த முடிவையும் மாற்றாமல், அதை ஒரு நல்ல காலைக்கும் ஒரு நல்ல ஆலோசகருக்கும் ஒத்திவைப்போம். ஒருவேளை விழுந்துவிட்டால்? குடியை விட முயன்று விழுந்த அந்தச் சகோதரருக்கும் அவர் குடும்பத்துக்கும் சேர்த்துச் சொல்வோம்: வானதூதர் இரண்டாம் முறையும் வந்தார். முதல் முறை சாப்பிட்டும் ஏன் படுத்தாய் என்று கேட்கவே இல்லை.

திருப்பலியில் நாம் பெறுவது ஒரு சிறிய அப்பம். அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து பெறுகிறோம். நீண்ட பயணத்துக்கு ஆண்டவர் நமக்கு உணவளிக்கும் முறை அதுதான்.

மன்றாடுவோம். ஆண்டவரே, எங்கள் வழி நீண்டது என்பதை நீர் அறிவீர். நாங்கள் படுத்துவிடும் இடத்துக்கே உம் தூதரை அனுப்பும். இன்றைக்கு வேண்டிய அப்பத்தையும், கூட நடக்க ஒரு துணையையும் எங்களுக்குத் தாரும். உம் மலையை அடையும்வரை எங்களை நடத்தியருளும். ஆமென்.