தகரக் கூரையின் கீழே



2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியசை எட்டியது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கமான எண்ணிக்கையைக் காட்டிலும் 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. 2013இல் அம்மாநகராட்சி வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனை ஏற்பாடு ஆகியவை அதன் மையம். அவற்றால் பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உழைப்பவரின் உடலைத் தாக்குமுன் வெப்பம் கடந்து வருவது கூரையை.

தகரம் மெல்லியது. மேற்புறம் சுட்ட சில நிமிடங்களில் அடிப்புறமும் சுடும். சுட்ட அடிப்புறம் கீழே இருப்பவர் மீது வெப்பத்தைக் கதிர்வீச்சாகப் பாய்ச்சுகிறது. மின்விசிறி காற்றை அசைக்கும், கதிர்வீச்சைத் தடுக்காது. கான்கிரீட் தளமோ பகலில் வெப்பத்தைத் தேக்கி இரவில் அறைக்குள் விடுகிறது. வேலை முடித்து வந்தவருக்கு உறக்கம் இல்லை.

ஏ.சி. இயந்திரமும் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அது செலவிடும் மின்சாரமும் வெப்பமாகி அத்துடன் தெருவில் கொட்டப்படுகிறது. மாடியின் குளிர்ச்சிக்கு உரிய விலையில் ஒரு பங்கைச் சந்தில் வாழ்பவர் செலுத்துகிறார்.

அரசின் எரிசக்திச் சிக்கன விதிகள் யாரைப் பார்க்கின்றன? 2007இன் விதித்தொகுப்பு பெரும் வணிகக் கட்டடங்களுக்கானது. 2018இல் வீடுகளுக்கென வந்தது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளைக் குறித்தது. தெலங்கானா 2023இல் கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கை ஒரு முன்னேற்றமே. எனினும் 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனையில் உள்ள தனியார் வீடுகளுக்கு அது கட்டாயமில்லை. மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடுபவரிடம்தான் மிச்சம் பிடிக்க முடியும் என்பது இவற்றின் கணக்கு. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீடு அக்கணக்கில் வராது.

வெள்ளைப் பூச்சு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். செலவும் பெரிதன்று. பின் ஏன் நடக்கவில்லை? கூரை வீட்டு உரிமையாளருடையது, வெப்பம் குடியிருப்பவருடையது. பட்டா இல்லாத இடத்திலோ, நாளை இடிக்கப்படக்கூடிய கூரைக்கு எவர் பணம் போடுவார்?

வீட்டிலேயே துணி தைப்பவருக்கும் ஊதுவத்தி உருட்டுபவருக்கும் அந்தக் கூரையே தொழிற்கூடம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 13ஆம் பிரிவில், வெப்பம் இயன்றவரை குறைவாக இருக்கும்படி சுவரும் கூரையும் அமைய வேண்டும் என விதித்தது. அவ்விதி வீட்டுவழித் தொழிலாளரின் வாசலை எட்டியதே இல்லை. முதலாளி ஆலைக் கூரையை மிச்சப்படுத்தினார். அதன் சுமையைத் தொழிலாளி தன் வீட்டில் தாங்குகிறார். சங்கங்கள் கூலிப் பேச்சில் இதுவரை போதிய அளவு எழுப்பாத கணக்கு இது.

பீஸ் ரேட் பேசும்போதே ஒப்பந்தக்காரரிடம் கூரைச் செலவையும் கேட்க வேண்டும். பட்டா கோரும் மனுவில் மாநகராட்சிச் செலவில் வெள்ளைப் பூச்சும் இடம்பெற வேண்டும். அதையும் பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும். மே மாதத்தில் அந்தத் தகரத்தின் மேல் எவரும் கால் வைக்க முடியாது.